மத்தியானம் ஆனால் எம்சிசிபி ட்ரிப் ஆகிறது: 200-ஐ 250 ஆக்கினால் சரியாகுமா?

கொப்பரைக்களம்:

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் மில் நடத்துகிறேன். மின்சாரம் படித்தவன் இல்லை. இருபது வருஷம் மெஷினோடு இருந்ததில் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து என்று எங்கள் எலக்ட்ரீசியன் சொல்வார்.

சொந்த டிரான்ஸ்பார்மர், 250 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட். மெயின் பேனல் இன்கமர் (கரண்ட் உள்ளே வரும் முதல் பிரேக்கர்) 400 ஆம்ப். அங்கிருந்து எக்ஸ்பெல்லர் (கொப்பரையை நசுக்கி எண்ணெய் எடுக்கும் மெஷின்) ஷெட்டுக்கு ஒரு பீடர், அதாவது தனி லைன்: 200 ஆம்ப் எம்சிசிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் தானே விழும் பெரிய பிரேக்கர்), 3.5 கோர் 95 ஸ்கொயர் எம்.எம். அலுமினியம் ஆர்மர்டு கேபிள், 45 மீட்டர் இருக்கும். ஷெட் பேனல் இன்கமரும் அதே 200 ஆம்ப். அதில் 40 எச்.பி. எக்ஸ்பெல்லர் இரண்டு, 20 எச்.பி. கட்டர், அப்புறம் எலிவேட்டர், கன்வேயர், பில்டர் பிரஸ் பம்ப் என்று சில்லறை மோட்டார்கள்.

சித்திரை பிறந்ததிலிருந்து மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு ட்ரிப். ஒரு நாள் ஷெட் பேனலில் விழும், ஒரு நாள் மெயின் பேனலில். ராத்திரி ஷிப்டில் ஒரு தடவைகூட ஆனதில்லை. டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளப்பது) வைத்தால் 150 ஆம்ப் சுற்றித்தான் காட்டுகிறது. 200 ஆம்ப் பிரேக்கர் 150-க்கு ஏன் விழ வேண்டும்? எக்ஸ்பெல்லர் பாதி ஓட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். புண்ணாக்கு உள்ளேயே இறுகிவிடும். கூண்டைக் கழற்றி, கம்பியால் குத்தி எடுத்து, மறுபடி சூடேற்றி ஓட்ட இரண்டு மணி நேரம் போய்விடும்.

இதற்கு நடுவில் மூன்றாவது எக்ஸ்பெல்லர் வருகிறது, அதுவும் 40 எச்.பி. ஷெட் பேனலையே புதிதாகச் செய்துவிடலாம் என்று கொட்டேஷன் கேட்டேன். இன்கமர் 250 ஆம்ப் 50 கிலோ ஆம்ப், எக்ஸ்பெல்லருக்குத் தலா 100 ஆம்ப் 36 கிலோ ஆம்ப் என்று வந்திருக்கிறது. எலக்ட்ரீசியன், "மெயினிலும் 250 போட்டுவிட்டால் தலைவலி தீர்ந்தது" என்கிறார். மச்சான், "இதற்கெல்லாம் எம்சிபி (வீட்டில் இருக்கும் சின்ன பிரேக்கர்) போதும், பேனல்காரர் காசு பிடுங்கப் பார்க்கிறார்" என்கிறார். மூன்று பேரும் அடித்துச் சொல்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

250 சரியா? அந்த 50 கிலோ ஆம்ப் எதற்கு? தெர்மல் மேக்னடிக் வாங்குவதா, மைக்ரோபிராசசர் வாங்குவதா? கரண்ட் போனால் 125 கேவிஏ ஜெனரேட்டரில் ஒரு எக்ஸ்பெல்லர் மட்டும் ஓட்டுவோம். அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.


ஸ்பேனர்செட்:

அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. எலக்ட்ரீசியன் சொல்வது சரிதான். 200 விழுந்தால் 250, அது விழுந்தால் 320. எங்கள் சைசிங் யூனிட்டில் அப்படித்தான் போட்டோம், இதுவரை பிரச்சினை இல்லை.


நூல்மில் போர்மேன்:

மேலே தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். பிரேக்கருக்கு முதல் வேலை கேபிளைக் காப்பாற்றுவது. 95 ஸ்கொயர் கேபிளை அப்படியே விட்டு மேலே 250 போட்டால் பிரேக்கர் நிற்கும், கேபிள் வேகும்.

உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். அங்கே ரிங் பிரேம் பீடர் ஒன்று இதே மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நைட் ஷிப்டில் யாரோ டயலை முழுக்கத் திருப்பிவிட்டார்கள். ஆறு மாசம் ஒரு சத்தமும் இல்லை. சரியாகிவிட்டது என்றே நாங்களும் நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் டிரெஞ்ச் (கேபிள் போகும் பள்ளம்) பக்கம் ரப்பர் கருகும் வாசனை. ஸ்லாபைத் தூக்கினால் நாலு கேபிளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பஞ்சு பறக்கிற இடம் அது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நான் இங்கே கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

புதுசு வாங்குவது அப்புறம். முதலில் பழையது ஏன் விழுகிறது என்று பார்ப்போம். இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

விழுந்ததும் கைப்பிடி நடுவில் நிற்கும். அதை முழுக்கக் கீழே அழுத்தி மேலே தூக்கினால் உடனே நிற்கிறதா, பத்து நிமிஷம் ஆறவிட்டால்தான் நிற்கிறதா? பிரேக்கர் முகத்தில் திருப்புளியால் திருகும் சின்ன டயல் ஒன்று இருக்கும், அது எந்த எண்ணில் இருக்கிறது? 150 ஆம்ப் என்றது எந்த பேஸில், மூன்றிலும் பார்த்தீர்களா? அந்த நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு?

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, சப்ளை இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு, இரண்டு பேனலிலும் கேபிள் லக்குகளின் (கேபிள் முனையில் பிரேக்கரோடு இறுக்கும் உலோகத் துண்டு) நிறத்தைப் பாருங்கள். தொடாமல் பார்த்தாலே தெரியும்.


கொப்பரைக்களம்:

ஐயா, எல்லாம் பார்த்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

உடனே நிற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. இதுவரை "கோபம் தணியட்டும்" என்று சொல்லி டீ குடித்துவிட்டு வந்து தூக்குவோம்.

இரண்டு பிரேக்கரிலும் டயல் 0.8-இல் இருக்கிறது. அப்படி ஒரு டயல் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்ததும் 1-க்குத் திருப்பிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. டிரெஞ்ச் கதையைப் படித்ததால் கையைக் கட்டிக்கொண்டேன்.

மூன்று பேஸும் பார்த்தேன்: ஆர் 158, ஒய் 149, பி 151. மத்தியான வோல்டேஜ் 398. ராத்திரி 425 வருகிறது, கரண்டும் அப்போது 140-தான்.

ஷெட் பேனலில் ஆர் பேஸ் லக் நீலம் பாரித்துப் போயிருக்கிறது. ஸ்லீவ் தொட்டாலே உதிர்கிறது. மற்ற இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன.

அப்புறம் நானாக ஒன்று செய்தேன். கொப்பரை டிரையருக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரை அன்று மத்தியானம் ஷெட் பேனலுக்குள் விட்டுக் கதவை மூடினேன். 54 டிகிரி. பேனல் மேற்குச் சுவரில் இருக்கிறது, மேலே தகரக் கூரை. காற்றுப் போகும் லூவரில் கொப்பரைத் தூசும் எண்ணெயும் சேர்ந்து அடையாக அப்பியிருந்தது. மெயின் பேனல் அறையும் தகரக் கூரைதான், அங்கே 50.


பஸ்பார்:

கோயம்புத்தூரில் பேனல் செய்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. டிரையர் தெர்மாமீட்டரைப் பேனலுக்குள் விட்ட முதல் மில்காரரை இன்றுதான் பார்க்கிறேன். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது.

தெர்மல் மேக்னடிக் பிரேக்கருக்குள் ஓவர்லோடைப் பார்ப்பது ஒரு பைமெட்டல் பட்டை. கரண்டால் சூடேறி வளையும், ஒரு அளவு வளைந்ததும் விழுத்தும். அந்தச் சூடு கரண்டால் வந்ததா வெயிலால் வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முகத்தில் அச்சடித்த 200 என்பது பெரும்பாலும் 40 டிகிரிக்கு. உங்கள் டயல் 0.8, ஆக 160. உள்ளே 54 டிகிரி என்றால் அதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும் (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அட்டவணை கேட்டு வாங்குங்கள்). மீதி 145-ஐ ஒட்டி. உங்கள் ஆர் பேஸ் 158.

இப்போது பிரேக்கருக்கான தர விதி ஐஎஸ்/ஐஇசி 60947-2 சொல்வதைப் பாருங்கள். 63 ஆம்புக்கு மேற்பட்ட பிரேக்கர், செட்டிங்கின் 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 1.30 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 158-ஐ 145-ஆல் வகுத்தால் 1.09. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பொட்டல் காட்டில் நிற்கிறீர்கள். விழலாம், விழாமலும் போகலாம். ஒரே செட்டிங்கில் இரண்டு பிரேக்கர் வரிசையாக இருப்பதால் எது முந்துகிறதோ அது. இதோடு நீலம் பாரித்த லக்கிலிருந்து ஏறும் சூடு கம்பி வழியாக நேராக அந்த பைமெட்டலுக்குத்தான் போகும். ராத்திரி பேனல் ஆறிவிடும், வோல்டேஜும் நன்றாக இருக்கும், அதனால் கரண்டும் குறையும். விழாது. உங்கள் பிரேக்கருக்கு ஒரு நோயும் இல்லை.

சரி, 0.8-இல் ஏன் வைத்தார்கள்? அதை வைத்தவர் கேபிளைப் பார்த்து வைத்திருக்கிறார். 95 ஸ்கொயர் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ (பிவிசியைவிடச் சூடு தாங்கும் உறை) கேபிள், அட்டவணையில் காற்றில் 200 ஆம்பை ஒட்டித் தாங்கும். அது 40 டிகிரியில், தனியாகப் போனால். உங்கள் ஷெட்டில் கூரைக்குக் கீழே 50 டிகிரி இருக்கும், அதற்கு 0.89. ஒரே டிரேயில் நாலைந்து கேபிள் முட்டிக்கொண்டு போனால் அதற்கு இன்னொரு 0.8. பெருக்கினால் 142. பிவிசி கேபிளாக இருந்தால் இதைவிடக் குறைவு. அதாவது கேபிள் இப்போதே நிரம்பிவிட்டது. மூன்றாவது எக்ஸ்பெல்லரை அதில் ஏற்ற வழியே இல்லை. 250 என்று பேச ஆரம்பிக்கும்போதே புதுக் கேபிளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கணக்கு எளிதுதான். 40 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடுக்கு 54 ஆம்ப் எடுக்கும். மூன்றுக்கு 162, கட்டருக்கு 28, சில்லறைக்கு 30. மொத்தம் 220. நிஜத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடாது, 200 சுற்றி வரும். ஈரக் கொப்பரை விழுந்த அன்றைக்கு 220-ஐத் தொடும். 185 ஸ்கொயர் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ போடுங்கள். அட்டவணையில் 300-ஐ ஒட்டி. தனி டிரேயில், மற்றதோடு முட்டாமல் இழுத்தால் 50 டிகிரியிலும் 265 தாங்கும். மெயினில் 250 ஆம்ப் பிரேக்கர், டயல் 0.9-இல், அதாவது 225. லோடைவிட பிரேக்கர் மேலே, பிரேக்கரைவிட கேபிள் மேலே. இந்த வரிசை எங்கேயும் உடையக் கூடாது.

இனி அந்த 50 கிலோ ஆம்ப். ஷார்ட் சர்க்யூட் ஆனால் உச்சமாக எவ்வளவு கரண்ட் பாயும் என்பதை டிரான்ஸ்பார்மர்தான் முடிவு செய்யும். 250 கேவிஏக்கு முழு லோடு 333 ஆம்ப். நேம் பிளேட்டில் இம்பீடன்ஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். 4.5 என்று வைத்துக்கொண்டால், 333-ஐ 0.045-ஆல் வகுக்க 7.4 கிலோ ஆம்ப். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் அந்த நொடியில் ஜெனரேட்டர் போலத் திருப்பிக் கொடுக்கும், அதற்கு ஒரு கிலோ ஆம்ப் சேர்க்கலாம். மெயின் பேனலில் எட்டரை. 45 மீட்டர் கேபிள் தாண்டி ஷெட்டுக்குப் போவதற்குள் ஏழு சொச்சமாகிவிடும். இதற்கு 50 எதற்கு? 25 கிலோ ஆம்ப் தாராளம். நாளைக்கே 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், அதே 4.5 சதவீதத்துக்கு 14.8 தான் வரும். அப்போதும் 25 போதும். பேனல்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். போன வேலையின் கொட்டேஷனில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார். நாங்களும் செய்வதுதான்.

ஆனால் பிளேட்டில் இரண்டு எண் இருக்கும், ஐசியூ, ஐசிஎஸ் என்று. ஐசியூ என்றால், அவ்வளவு பெரிய ஷார்ட்டை அது அறுத்துவிடும், அதற்குப் பிறகு வேலைக்கு ஆகுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐசிஎஸ் அளவுக்குள் என்றால் அறுத்துவிட்டு மறுபடியும் வேலை செய்யும். ஐசிஎஸ், ஐசியூவில் 50 சதவீதமாகவும் இருக்கும், 100 சதவீதமாகவும் இருக்கும். 100 சதவீதம் கேளுங்கள். அதுவும் 415 வோல்ட் வரியில் பாருங்கள். 240 வோல்ட்டுக்குப் பெரிய எண்ணை அதே பிளேட்டில் போட்டிருப்பார்கள், கடைக்காரர் விரல் அதன் மேல்தான் போகும்.

மச்சானையும் முழுசாகத் தள்ள முடியாது. 10 கிலோ ஆம்ப் எம்சிபி உங்கள் எட்டரையைக் காகிதத்தில் தாங்கும். ஆனால் எம்சிபி 125 ஆம்போடு நின்றுவிடும், செட்டிங் மாற்ற முடியாது, 185 லக்கை அதில் எங்கே சொருகுவது? எலிவேட்டர், கன்வேயர் மாதிரி 3 எச்.பி. மோட்டார்களுக்கு எம்பிசிபி (மோட்டாருக்கென்றே வரும் சின்ன பிரேக்கர்) போடுங்கள். மச்சானுக்குப் பாதி ஜெயம்.

ஷெட் பேனல் இன்கமருக்கு வருகிறேன். கொட்டேஷனில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். ஒரே கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பிரேக்கர் வைத்து என்ன காணப் போகிறோம்? மேலே இருப்பதே கேபிளைப் பார்த்துக்கொள்ளும். ஷெட் முனையில் ட்ரிப் யூனிட் இல்லாத, அதாவது தானாக விழாத, லோட் பிரேக் ஐசோலேட்டர் சுவிட்ச், 250 ஆம்ப், கதவோடு பூட்டிக்கொள்ளும் ரோட்டரி கைப்பிடியோடு வைத்தால் போதும். பராமரிப்புக்கு ஆஃப் செய்து பூட்டலாம். மிச்சமாகும் காசை மெயின் பீடரில் மைக்ரோபிராசசர் ரிலீசுக்கு (பிரேக்கரை விழுத்தும் எலக்ட்ரானிக் பகுதி) போடுங்கள்.

ஏன் மைக்ரோபிராசசர்? ஒன்று, கரண்டை அது சிடி (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வழியாக அளக்கிறது, வெயிலைக் கணக்கில் எடுக்காது. (உடம்பு சூடு தாங்கும் எல்லை அதற்கும் உண்டு. அதனால் பேனலை அடுப்பாகவே வைத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை.) இரண்டு, ஷார்ட் டைம் டிலே வைக்கலாம். எக்ஸ்பெல்லர் பீடரில் ஷார்ட் ஆனால் அங்கே இருக்கிற 100 ஆம்ப் முதலில் விழட்டும் என்று மெயின் 0.1 விநாடி பொறுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு மோட்டார் வயர் உரசியதற்கு ஷெட்டே இருட்டாகும், மூன்று கூண்டிலும் புண்ணாக்கு இறுகும். எவ்வளவு கிலோ ஆம்ப் வரை இந்த வரிசை நிற்கும் என்பதற்குக் கம்பெனிகள் டிஸ்கிரிமினேஷன் அட்டவணை தருவார்கள். மேலேயும் கீழேயும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் அந்த அட்டவணை பேசும்.

எக்ஸ்பெல்லருக்கு 100 ஆம்ப் சரிதான். 54 ஆம்ப் மோட்டாருக்கு 100-ஆ என்று எலக்ட்ரீசியன் கேட்பார். அங்கே ஓவர்லோடைப் பார்ப்பது ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே. பிரேக்கருக்கு ஷார்ட் சர்க்யூட் மட்டும்தான் வேலை. ஸ்டார் டெல்டாவில் (முதலில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு முழு இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) ரிலே வைண்டிங் வழியில் இருந்தால் 54-இல் 58 சதவீதம், 31 ஆம்புக்கு செட் செய்ய வேண்டும். 54-க்கு வைத்துவிட்டு மோட்டார் எரிந்ததும் பிரேக்கரைத் திட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். புது மோட்டார் ஐஇ3 (மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வகை) என்றால் ஸ்டார்ட்டிங் கரண்ட் பழையதைவிடக் கூடுதலாக இருக்கும். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் ஒரு குத்து குத்தும். அதனால் மோட்டார் டியூட்டி எம்சிசிபி கேளுங்கள், அதன் மேக்னடிக் (ஷார்ட் ஆனதும் உடனே விழுத்தும் பகுதி) 12 மடங்கு சுற்றி இருக்கும். கான்டாக்டர், ரிலே, பிரேக்கர் மூன்றையும் கம்பெனியின் டைப் 2 கோஆர்டினேஷன் அட்டவணையில் ஒரே வரியிலிருந்து எடுங்கள். ஷார்ட் ஆன பிறகும் கான்டாக்டர் பிழைத்திருக்கும்.

இன்னொன்று. மெயின் இன்கமர் 400-இன் டயலையும் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் 333 தான் தாங்கும். 0.8-இல், 320-இல் இருக்க வேண்டும். அதையும் யாராவது கை துறுதுறுத்துத் திருப்பியிருக்கலாம்.

பேனலை மேற்குச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். லூவர் வைத்த பெட்டி வேண்டாம், கொப்பரைத் தூசு எண்ணெயோடு பஸ்பாரில் படிந்தால் அதுவே திரி. ஐபி54 (தூசும் நீர்த் தெறிப்பும் தடுக்கும் தரம்), கொஞ்சம் பெரிய பெட்டியாக. அலுமினியம் லக்கை நேராகப் பிரேக்கர் டெர்மினலில் இறுக்காமல் ஸ்பிரெடர் (டெர்மினலை நீட்டி அகலப்படுத்தும் பட்டை) போட்டு, பைமெட்டல் வாஷரோடு (செம்பும் அலுமினியமும் சேர்ந்தது), டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது பிரேக்கரோடு வரும் தாளில் இருக்கும். அலுமினியம் சூட்டுக்கும் ஆறுவதற்கும் விரிந்து சுருங்கித் தளர்ந்து போகும். உங்கள் ஆர் பேஸ் அப்படித்தான் போயிருக்கிறது. பேஸ் பேரியரை மறக்காமல் வாங்கிப் போடுங்கள். பெட்டிக்குள் வரும் அந்த நாலு பிளாஸ்டிக் தகட்டைக் குப்பையில் போடாத சைட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடையில் ஒரு குழப்பம் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எல் அண்ட் டி சுவிட்ச்கியரை 2020-இல் ஷ்னைடர் வாங்கியது, 2024-இலிருந்து லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது. பெயர் வேறாக இருக்கிறதே என்று போலி என நினைத்துத் திருப்பிக் கொடுத்த ஆள் எனக்குத் தெரியும்.


டீசல்சத்தம்:

பஸ்பார் எல்லாம் சொல்லிவிட்டார், ஜெனரேட்டரை மட்டும் விட்டுவிட்டார். ஜென்செட் சர்வீஸில் இருப்பதால் நான் சொல்கிறேன்.

125 கேவிஏக்கு முழு லோடு 174 ஆம்ப். ஷார்ட் ஆனால் ஆல்டர்னேட்டர் முதல் சில சைக்கிளுக்கு நன்றாகத் தள்ளும், அப்புறம் வேகமாக இறங்கிவிடும். நல்ல எக்ஸைட்டேஷன் (ஆல்டர்னேட்டரின் காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும் அமைப்பு) இருந்தால் மூன்று மடங்கு, அதாவது 520 ஆம்ப் சுற்றி நிலைக்கும். சாதாரண செட்டாக இருந்தால் அதுவும் இல்லாமல் அப்படியே படுத்துவிடும். உங்கள் 100 ஆம்ப் மோட்டார் பிரேக்கரின் மேக்னடிக் 1200 ஆம்பில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். ஈ.பி. லைனில் கண் இமைக்கும் முன் விழுகிற அதே பிரேக்கர், டீசலில் ஓடும்போது ஷார்ட்டை ஓவர்லோடு என்று நினைத்துக்கொண்டு விநாடிக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் வயர் போய்விடும்.

அதனால் ஜெனரேட்டரின் சொந்த பிரேக்கரைச் சரியாக எடுக்க வேண்டும். 200 ஆம்ப் மைக்ரோபிராசசர், 0.85-இல் 170. ஷார்ட் டைம் இரண்டரை மடங்கு, அதாவது 425, டிலே 0.2 விநாடி. ஒரு எக்ஸ்பெல்லர் ஸ்டார் டெல்டாவில் கிளம்புவதற்கு இது இடம் கொடுக்கும். ஜென்செட்டோடு வரும் பிரேக்கர் பல இடத்தில் சாதாரணத் தெர்மல் மேக்னடிக்தான், பத்து மடங்குக்குப் பூட்டியிருக்கும். திறந்து பாருங்கள்.

ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் 4 போல் ஆக, அதாவது மூன்று பேஸோடு நியூட்ரலையும் அறுப்பதாக இருக்கட்டும். ஜெனரேட்டர் நியூட்ரலுக்குத் தனி எர்த் இருக்கும். 3 போல் போட்டால் இரண்டு நியூட்ரலும் எப்போதும் சேர்ந்தே கிடக்கும், பின்னால் எர்த் லீக்கேஜ் ரிலே வைத்தால் காரணம் தெரியாமல் விழும்.


கொப்பரைக்களம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சீசன்.

முதலில் ஆர் பேஸ் லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் க்ரிம்ப் செய்தோம். லூவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம், கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தட்டி கட்டினோம். பேனல் உள்ளே 47-க்கு இறங்கியது. அன்றிலிருந்து இரண்டே தடவைதான் விழுந்தது. இரண்டும் ஈரக் கொப்பரை ஓட்டிய நாள். டயலைத் தொடவில்லை.

மெயின் இன்கமர் டயல் பஸ்பார் அண்ணன் சந்தேகப்பட்ட மாதிரியே 1-இல் இருந்தது. யார் திருப்பியது என்று கேட்டேன். எலக்ட்ரீசியன் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார், மச்சான் கூரையைப் பார்த்தார். 0.8-க்குக் கொண்டுவந்தாயிற்று. நேம் பிளேட்டில் இம்பீடன்ஸ் 4.52.

பேனல்காரரிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரே ஷெட் இன்கமரை ஐசோலேட்டராக மாற்றி, எல்லாவற்றையும் 25 கிலோ ஆம்புக்கு இறக்கி, மெயின் பீடருக்கு 250 மைக்ரோபிராசசர் போட்டுப் புதுக் கொட்டேஷன் கொடுத்தார். 185 கேபிளையும் சேர்த்தும் மொத்தம் கொஞ்சம்தான் கூடியது. ஜெனரேட்டர் பிரேக்கர் நீங்கள் சொன்ன அதே பத்து மடங்குதான். அது தனிச் செலவு, அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய 95 கேபிளை உருவ மனசில்லை. அதை அப்படியே விட்டு ஷெட்டுக்குப் பக்கத்தில் வரப்போகும் டிரையருக்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன், லோடு 70 ஆம்ப் தாண்டாது. மெயினில் அதற்குப் பழைய 200-ஐயே 0.8-இல் விட்டுவிடலாமா?


நூல்மில் போர்மேன்:

நீலம் பாரித்த லக் இருந்தது ஷெட் பேனல் பிரேக்கரில், அந்தப் பிரேக்கரை எடைக்குப் போட்டுவிடுங்கள். மெயினில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிரேயில் அந்தக் கேபிளுக்கு 142 தான் என்று கணக்கு வந்திருக்கிறது, 0.8 என்றால் 160. டயல் 0.7 வரை இறங்குகிற மாடலாக இருந்தால் அங்கே வையுங்கள். இறங்காவிட்டால் 125 ஆம்ப் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், 70 ஆம்ப் டிரையருக்கு அதுவே அதிகம். எதை வைத்தாலும் டயல் மேல் ஒரு சீல் ஒட்டித் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். மச்சான் கையெழுத்து.


கொப்பரைக்களம்:

0.7 இல்லை, 0.8-தான் கடைசி. 125 வாங்கிவிடுகிறேன். கையெழுத்துக்கு அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுச் சொல்கிறேன்.